எல்லைக் கிராமத்துப் பள்ளியில் இணையவழி மூலநூல்கள்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையைத் தாண்டி ஆற்றைக் கடந்து, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களின் வழியே இஞ்சிவிளையில் கேரள மாநிலத்தின் எல்லையை அடைகின்றது. அப்பால் உள்ளது களியக்காவிளை. தமிழ்நாட்டின் முதல் ஊர். கடைகளின் பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுகின்றதேயன்றி நிலத்தில் யாதொரு மாறுதலும் தோன்றுவதில்லை. தென்னையும் ரப்பரும் மரச்சீனியும் இருபுறத்தும் ஒன்றே. பேச்சிலும் தமிழும் மலையாளமும் ஒன்றினுள் ஒன்று ஊடாடி வழங்குகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆந் தேதிக்கு முன்னர் இவ்விரு பக்கமும் ஒரே சமஸ்தானத்தின் பகுதிகளாக இருந்தன என்பதை நினைவிற் கொண்டால் இதில் வியப்பொன்றுமில்லை.

இக்கிராமங்களின் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் கற்கும் பாடங்களில் இரண்டு, பிறவற்றைக் காட்டிலும் நூல்களின் துணையை மிகுதியாக வேண்டி நிற்பன. ஒன்று ஆங்கில இலக்கியம், மற்றொன்று சரித்திரம். கணிதத்தைக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியுங் கொண்டு கற்பித்துவிடலாம். ஆனால் ஒரு கவிஞனின் பாடலைக் கற்பிக்க அவனுடைய பிற பாடல்களும், ஒரு நிகழ்ச்சியைக் கற்பிக்க அதைப்பற்றி அக்காலத்தார் எழுதி வைத்தவையும் தேவை. கிராமப் பள்ளியின் நூலக அலமாரியில் இவை இருந்ததில்லை. இன்று அவ்வலமாரிக்கு வெளியே, இணையத்தில், இவற்றுட் பெரும்பாலானவை விலையின்றிக் கிடைக்கின்றன. எனினும் கிடைப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை இந்த எல்லைப்புறத்தில் தெளிவாகக் காணலாம்.

விண்வழி வந்த பாடம்

கேரளப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் பரப்பும் பொருட்டு ‘ஐ. டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டம் 2001-ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, கல்விப் பணிக்கென்றே அமைக்கப்பட்ட எடுசாட் என்னும் துணைக்கோள் ஏவப்பட்டது. அதன் எடை 1,950 கிலோகிராம். அத்துணைக்கோளைத் துணையாகக் கொண்டு, மறு ஆண்டு ஜூலை மாதத்தில் விக்டர்ஸ் என்னும் கல்வி ஒளிபரப்பைக் குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார்.

இவ்வகைத் துணைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. எனவே திருவனந்தபுரத்தில் பேசும் ஓர் உபாத்தியாயரின் குரல், சாலை வழியே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாறசாலையை அடையும் பொருட்டு, 72,000 கிலோமீட்டருக்கு மேற் பிரயாணஞ் செய்தது. ஒளியின் வேகத்தில் அதற்குக் கால் விநாடியே போதும் என்பது வேறு செய்தி. எடுசாட் 2010-ஆம் ஆண்டிற் பணியிலிருந்து நீக்கப்பட்டது. ஒளிபரப்பு வேறு துணைக்கோள்களின் வாயிலாகத் தொடர்ந்தது.

பின்னர் மாறுதல்கள் விரைந்து வந்தன. 2017-இல் மேற்கூறிய திட்டம் ‘கைட்’ என்னும் அரசாங்க நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. பாடக்குறிப்புகளையும் படங்களையும் உபாத்தியாயர்கள் எடுத்துக்கொள்வதற்கான ‘சமக்ரா’ என்னும் தளமும் அவ்வாண்டிலேயே தோன்றியது. மத்திய அரசாங்கத்தின் ‘தீக்ஷா’ தளம் 2017 செப்டம்பர் 5-ஆந் தேதி ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்டது. எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்பட்ட சதுரக் குறியீடுகள் அத்தளத்திற்கே வழிகாட்டின. 2018-இல் கேரளத்தில் 4,752 பள்ளிகளைச் சேர்ந்த 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணிப்பொறியும் படமெறி கருவியும் வழங்கும் திட்டம் நடைபெற்றது. 2020 ஜூன் 1-ஆந் தேதி, கொள்ளை நோயால் பள்ளிகள் மூடியிருந்தபோது, விக்டர்ஸ் வழியே ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழியிற் பயிலும் மாணாக்கருக்கான வகுப்புகளும் ஏற்பாடு செய்யப்பட்டன. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத குழந்தைகள் கிராம நூலகங்களிலும் பொது இடங்களிலும் கூடியிருந்து பார்த்தனர். 1945-இல் பி. என். பணிக்கர் தொடங்கி வைத்த கிரந்தசாலை இயக்கத்தின் வாசகசாலைகள் இவ்வாறு எதிர்பாராத வகையில் வகுப்பறைகளாயின.

கருவிகளின் கதை இவ்வளவே. ஆயினும் கருவி வந்தவுடன் வகுப்பறையில் முதலிடம் பெற்றது காணொளிப் பாடமேயன்றி மூலநூல் அன்று. இதிலுள்ள விரயத்தை ஒரு சிறு கணக்கினால் உணரலாம். விநாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் வரும் அரைமணி நேரக் காணொளி 225 மெகாபைட் அளவுடையது. ஷேக்ஸ்பியர் எழுதியவை அனைத்தும் வெறும் எழுத்து வடிவில் ஏறக்குறைய ஐந்தரை மெகாபைட்டே ஆகும். அஃதாவது அக்காணொளியின் முக்கால் நிமிஷத்திற்குள் ஷேக்ஸ்பியர் முழுவதும் வந்து சேர்ந்துவிடுகின்றார். இணைப்பு மெதுவாக உள்ள கிராமத்திற்கு ஏற்ற சாதனம் எழுத்தே.

எது கிடைக்கும், எது கிடைக்காது

1971-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆந் தேதி, அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர் தம் நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைப் பெரிய கணிப்பொறி ஒன்றில் தட்டச்சுச் செய்து பிறர் எடுத்துக்கொள்ள வைத்தார். ‘புராஜெக்ட் குட்டன்பர்க்’ என்னும் மின்நூலகம் தோன்றியது அவ்வாறே. தமிழில் அதையொத்த ‘மதுரைத் திட்டம்’, 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்ஸர்லாந்தில் வாழ்ந்த டாக்டர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியாற் தொடங்கியது. நூல்களை வாசித்துக் குரலாகப் பதிவு செய்யும் ‘லிப்ரிவாக்ஸ்’ 2005-இல் வந்தது. ஆங்கிலத்தைக் காதாற் கேட்கும் வாய்ப்புக் குறைந்த கிராமத்து மாணாக்கருக்கு இதன் பயன் பெரிது. அவர்கள் ஆங்கிலச் சொற்களை எழுத்தாற் கற்றுப் பின்னர் ஒலியை ஊகிப்பவர்கள். இங்கு ஒலியும் எழுத்தும் ஒருங்கே கிடைக்கின்றன.

ஆனால் எல்லா ஆசிரியர்களும் இந்நூலகங்களில் இல்லை. காரணம் பதிப்புரிமைச் சட்டம். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர் மறைந்தபின் ஐம்பது ஆண்டுகள் உரிமையை நிலைநிறுத்தியது. மகாகவி தாகூரின் நூல்களுக்கு உரிமை முடிவுறும் தருணத்தில், 1992-இல், அது அறுபது ஆண்டுகளாக நீட்டப்பட்டது. இக்கணக்கை அறிந்த உபாத்தியாயர் எதை எங்கே தேடவேண்டும் என்பதை முன்கூட்டியே அறிவார். 2025-இல் புதிய பாடநூல் வரும் வரை கேரளத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இருந்த பகுதிகளையே எடுத்துக்கொள்ளலாம். வேர்ட்ஸ்வர்த்தின் வசந்தகாலக் கவிதைக்கு யாதொரு தடையும் இல்லை. யேட்ஸ் 1939-இல் மறைந்தவர். அவருடைய பாடல்கள் இந்நாட்டில் பொதுவுடைமை. செகாவின் ‘வான்கா’ என்னும் சிறுகதை 1886-இல் எழுதப்பட்டது. ஆயினும் மாணாக்கர் படிப்பது மொழிபெயர்ப்பையாதலால், மொழிபெயர்த்தவரின் உரிமையும் கணக்கிற் சேரும். கான்ஸ்டன்ஸ் கார்னெட் 1946-இல் மறைந்தமையால் அவருடைய மொழிபெயர்ப்பு இப்பொழுது யாவர்க்கும் உரியது. லாங்ஸ்டன் ஹியூஸ் 1967-இல் மறைந்தவர். 1922-இல் வெளிவந்த அவருடைய கவிதை அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்டது. இந்தியாவில் 2028 வரை பொறுத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் விந்தையானது வைக்கம் முகம்மது பஷீரின் நிலை. பாம்பும் கண்ணாடியும் பற்றிய அவருடைய நகைச்சுவைக் கதை அதே பாடநூலில் ஆங்கிலத்தில் இடம்பெற்றிருந்தது. பஷீர் 1994-இல் மறைந்தார். அவருடைய மூலம் 2054-ஆம் ஆண்டின் இறுதி வரை உரிமைக்கு உட்பட்டது. ஆகவே இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய இங்கிலாந்தின் கவிஞன் நெய்யாற்றின்கரை மாணவனுக்கு முழுமையாகக் கிடைக்கின்றான். அவன் மாநிலத்திலேயே வாழ்ந்து மறைந்த எழுத்தாளர் கிடைப்பதில்லை. வகுப்பிற் கற்பிக்கும் பொருட்டு ஒரு பகுதியைப் பயன்படுத்துவதற்குச் சட்டத்தில் இடமுண்டு என்பதைப் பல உபாத்தியாயர்கள் அறியாமலே இருக்கின்றனர். தேடியவுடன் முதலில் வந்து நிற்பவை கதைச் சுருக்கங்களும் தேர்வு வினாக்களுக்கான ஆயத்த விடைகளுமே. இவை பழைய கைடு புத்தகங்களின் மறுபிறவி. மூலத்தைப் படிக்க வேண்டிய அவசியத்தையே நீக்கிவிடுவன. வருந்தத்தக்க வகையில், மிக எளிதாகக் கைக்கு வருவனவும் இவையே.

அப்பாடநூலில் இருந்த மற்றொரு பாடம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி ஒரே கதையினால் விளையும் அபாயத்தைப்பற்றி 2009-ஆம் ஆண்டு ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவு அது. அதன் மூலம் நூலன்று. இணையத்தில் உள்ள காணொளியே. இங்குக் காணொளியைக் காட்டுவதே மூலத்தைக் காட்டுவதாகும்.

1891-ஆம் ஆண்டின் இரு நூல்கள்

ஆங்கில இலக்கியமும் உள்ளூர்ச் சரித்திரமும் ஒரே வகுப்பிற் சந்திக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. 1891-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தைச் சார்ந்து வாழ்ந்த இருவர் இரு நூல்களை வெளியிட்டனர். மகாராஜா கல்லூரியில் தத்துவ ஆசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளை தமிழில் ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகத்தை வெளியிட்டார். சி. வி. ராமன் பிள்ளை மலையாளத்தில் ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் நாவலை வெளியிட்டார். முன்னது லிட்டன் பிரபு 1866-இல் வெளியிட்ட மிலேட்டஸ் நகரத்துக் கதைகளில் ‘இரகசிய வழி’ என்பதைத் தழுவியது. பின்னது ஸர் வால்டர் ஸ்காட்டின் சரித்திர நாவல்களின், சிறப்பாக ‘ஐவன்ஹோ’வின், சாயலில் எழுந்தது. ஆங்கில இலக்கியம் தென் திருவிதாங்கூர் மண்ணில் இறங்கி இரு மொழிகளில் முளைத்த கதை இது.

லிட்டனின் கதையில் ஸ்கிதிய வேந்தனின் மகளும் பிறநாட்டு இளவரசனும் ஒருவரையொருவர் கனவிற் கண்டு காதல் கொள்கின்றனர். சுந்தரம் பிள்ளை அதைப் பாண்டியன் அவைக்கும் சேரன் அவைக்கும் மாற்றினார். மாற்றும்பொழுது அவர் சேர்த்த முக்கியமான செய்தி ஒன்று உண்டு: இரு அரசுகளுக்கும் போர் மூளும் காரணம் நாஞ்சில் நாடு யாருக்கு உரியது என்பது. ஸ்கிதியக் கதையில் நாஞ்சில் நாடு எங்கிருந்து வரும்? நாடகாசிரியர் தம் காலடியில் இருந்த பழைய எல்லை வழக்கைக் கதையினுட் கொண்டுவந்தார். இதை மாணாக்கர் தாமே கண்டுபிடிக்க வேண்டுமாயின் இரு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முன்பு இதற்குத் தலைநகரின் பெரிய நூலகத்திற்குச் செல்லவேண்டியிருந்தது. இன்று லிட்டனின் நூல் ‘இண்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் மின்காப்பகத்திலும், மனோன்மணீயம் மதுரைத் திட்டத்திலும் உள்ளன.

மார்த்தாண்டவர்மாவின் கதையோ நெய்யாற்றின்கரைக்கு நேரே உரியது. எதிரிகளிடமிருந்து தப்பிய இளவரசர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பலா மரம் அவ்வூர்க் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருந்தது. அது செவிவழிச் செய்தி. ஆனால் அம்மன்னர் 1741 ஆகஸ்ட் 10-ஆந் தேதி குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்தது ஆவணத்தால் நிறுவப்பட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய ஏடுகள் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக்காப்பகத்திற் படியெடுக்கப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டுள்ளன. மரம், நாவல், டச்சு ஏடு ஆகிய மூன்றும் மூவகைச் சான்றுகள். இவற்றின் தரவேறுபாட்டை உணர்த்துவதே சரித்திர வகுப்பின் தலையாய வேலை. பி. கே. மேனன் 1936-இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருத்தலால் ஆங்கில வகுப்பிலும் நாவலை எடுத்தாளலாம். இந்நாவல் ஊமைப்படமாக எடுக்கப்பட்டபோது பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் படச்சுருள் முடக்கப்பட்டதும், அச்சுருள் பிற்காலத்தில் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தை அடைந்ததும், முன்னர்க் கூறிய சட்டத்தை விளக்க நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

செப்பேட்டின் கணக்கு

சரித்திர பாடத்திற்கு இவ்வெல்லைப்புறத்தில் கிடைக்கும் மூலங்களில் மிகச் சிறந்தது பார்த்திவபுரத்துச் செப்பேடு. பார்த்திவபுரம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில், புதுக்கடைக்கு அருகே, எல்லையிலிருந்து பஸ்ஸில் எளிதிற் சென்று மீளக்கூடிய தொலைவில் உள்ளது. செப்பேடு திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் இருந்தமையால் ‘ஹஜூர் கச்சேரிச் செப்பேடு’ எனப் பெயர் பெற்றது. ஆய் குல மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, அங்கு ஒரு திருமால் கோயிலையும் ஒரு சாலையையும் நிறுவியதை அது கூறுகின்றது. சாலை என்பது இங்குக் கல்விச்சாலை. காந்தளூர்ச் சாலையின் முறையை ஒட்டி அமைந்த அதில் 95 சட்டர்களுக்கு இடம் வகுக்கப்பட்டது: பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரீய சரணத்தார்க்கு 36, தலவகாரத்தார்க்கு 14. சேர விரும்புவோர் இலக்கணத்திலும் பிறவற்றிலும் தேர்ச்சியுடன் ‘திரைராஜ்ய விவகாரம்’, அஃதாவது மூன்று இராச்சியங்களின் நடைமுறை அறிவும் உடையவராயிருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. வேதம் ஓதும் வகுப்பார்க்கு மட்டுமே திறந்திருந்த கல்வி அது. இதை மறைத்துப் பெருமை பேசுவது சரித்திரமாகாது. ஆயினும் பல அரசுகள் சந்திக்கும் ஒரு நிலத்தில், அண்டை அரசுகளை அறிந்திருத்தல் மாணாக்கரின் தகுதியாகக் கருதப்பட்டது என்பது கவனித்தற்குரியது.

செப்பேட்டின் காலம் கலியுக நாட்கணக்காற் தரப்பட்டுள்ளது: 14,49,087-ஆம் நாள். இதை எட்டாம் வகுப்பு மாணாக்கரும் கணக்கிட்டு அறியலாம். கலியுகத்தின் தொடக்கம் கி. மு. 3102 பிப்ரவரி 18 என்று கொள்வது வழக்கம். ஓர் ஆண்டிற்கு 365¼ நாள் வீதம் வகுத்தால் 3,967 ஆண்டுகளும் 140 நாட்களும் வரும். கி. மு. 1-க்கும் கி. பி. 1-க்கும் இடையே சுழியாண்டு இல்லை என்பதை மறவாமற் கூட்டினால் கி. பி. 866 பிப்ரவரி 18 கிடைக்கின்றது. அதன்மேல் 140 நாள் சென்றால் ஜூலை 8. ஆராய்ச்சியாளர் கண்ட தேதியும் இதுவே. பாடநூலில் ‘ஒன்பதாம் நூற்றாண்டு’ என்று படித்து ஒப்புவிக்கும் மாணவன், அந்நாளைத் தானே கண்டறியும்பொழுது பெறும் அறிவு வேறு வகையினது.

இச்செப்பேட்டைத் தொல்பொருள் அறிஞர் து. அ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதற் தொகுதியில் வெளியிட்டார். மூலமும் ஆங்கில விளக்கமும் ஒருங்கே உள்ள அத்தொகுதி இணையத்திற் கிடைக்கின்றது. நாகம் அய்யா 1906-இல் மூன்று பாகங்களாக எழுதிய திருவிதாங்கூர்ச் சமஸ்தான விவரநூலும், சங்குண்ணி மேனன் 1878-இல் எழுதிய சரித்திரமும் அவ்வாறே. இவை யாவும் ஆங்கிலத்தில் இருத்தலால் சரித்திர வகுப்பின் பயிற்சி ஆங்கில வகுப்பிற்கும் உதவும்.

இரு துப்பாக்கிப் பிரயோகங்கள்

அண்மைக்காலச் சரித்திரத்தில் நிலைமை இவ்வளவு இனிதன்று. 1938 ஆகஸ்ட் 31-ஆந் தேதி, பொறுப்பாட்சி கோரிய இயக்கத்தின்போது, நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. வீரராகவன் முதலியோர் உயிரிழந்தனர். 1954 ஆகஸ்ட் 11-ஆந் தேதி, தென் தாலுகாக்களைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரிய கிளர்ச்சியின்போது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. அங்கும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. பதினாறு ஆண்டு இடைவெளியில், ஒரே நிலப்பரப்பில் நிகழ்ந்தவை இவை. எல்லைக்கு வடக்கே முதலாவதும், தெற்கே இரண்டாவதும் நினைவுகூரப்படுகின்றன. ஒரு பக்கத்துக் குழந்தை மறுபக்கத்து நிகழ்ச்சியை அறிய வாய்ப்பு அரிது.

இணையம் இங்குச் செய்யக்கூடிய உதவி பெரிது. மாநிலச் சீரமைப்புக் கமிஷனின் 1955-ஆம் ஆண்டு அறிக்கை முழுமையாகக் கிடைக்கின்றது. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரை உட்பட ஒன்பது தாலுகாக்களைக் கோரியதையும், கமிஷன் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தை மட்டும் பரிந்துரைத்ததையும், அதற்குக் கூறிய காரணங்களையும் மாணாக்கர் நேரே படிக்கலாம். இப்பகுதியின் பிரதிநிதியாக மக்களவையில் இருந்த ஏ. நேசமணியின் காலத்து விவாதங்கள் பாராளுமன்றத்தின் மின்நூலகத்தில் உள்ளன. தேசிய ஆவணக்காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளம் 2015 முதல் இயங்குகின்றது. இவற்றைப் படிக்கும் மாணவன், தன் வீடு ஒரு மாநிலத்திலும் தன் மாமன் வீடு மற்றொரு மாநிலத்திலும் அமைந்தது இயற்கையின் ஏற்பாடன்று, மூவர் எழுதிய வாதங்களின் விளைவு என்பதைக் காண்பான். அவ்வாதங்களை ஏற்பதும் மறுப்பதும் அவனுக்கு உரியது. அடிச்சியின் சொற்பொழிவைக் கற்பிக்கும் ஆங்கில உபாத்தியாயர், உதாரணம் தேடி நைஜீரியாவுக்குச் செல்ல வேண்டியதில்லை.

பாடநூல்கள் மாறுவன என்பதற்கும் அண்மையில் உதாரணம் உண்டு. தென் திருவிதாங்கூரில் பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த போராட்டம், தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் ஒன்பதாம் வகுப்புச் சரித்திர நூலில் உடைகளைப்பற்றிய அத்தியாயத்தில் இடம்பெற்றிருந்தது. பாடச்சுமையைக் குறைத்தல் என்னும் பெயரில் அவ்வத்தியாயம் 2019-இல் நீக்கப்பட்டது. 1859-ஆம் ஆண்டுப் பிரகடனம் வெளிவந்த அந்நாட்களை இப்பகுதியில் வாழ்ந்து கண்ட ஆங்கிலேயப் பாதிரிமார்களின் நூல்களோ அப்படியே கிடைக்கின்றன. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஜான் ஆப்ஸ் 1870-இல் வெளியிட்ட இருபத்திரண்டு ஆண்டு அனுபவ நூலும், சாமுவேல் மட்டீர் 1871-இல் எழுதிய ‘தர்ம பூமி’யைப்பற்றிய நூலும் அத்தகையன. மதம் பரப்ப வந்தவர்களின் பார்வை அவற்றில் உண்டு. அதைக் கழித்துப் படிக்கும் பயிற்சியும் பாடத்தின் ஒரு பகுதியே.

எழுத்துக்கூட்டு என்னும் இடையூறு

இத்துணையும் இருந்தும் மாணவன் தேடும்போது ஒன்றும் அகப்படாமற் போவது ஏன்? பெரும்பாலும் எழுத்துக்கூட்டே காரணம். மேற்கூறிய பாதிரிமார் நூல்களில் பாறசாலை, ‘பரேய்சாலே’ என்று ஒலிக்கத்தக்க எழுத்துக்களால் அச்சிடப்பட்டுள்ளது. திருவனந்தபுரம் ‘டிரெவாண்ட்ரம்’ எனவும், செங்கோட்டை ‘ஷென்கோட்டா’ எனவும் காணப்படும். இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டை இட்டுத் தேடுபவனுக்குக் கணிப்பொறி ‘இல்லை’ என்றே விடையளிக்கும். நூல் இருக்கின்றது, பெயர்தான் வேறு. ஒவ்வோர் ஊருக்கும் பழைய ஆங்கிலம், இன்றைய ஆங்கிலம், தமிழ், மலையாளம் என நான்கு வடிவங்களையும் எழுதிய ஒரு தாள் வகுப்பறைச் சுவரில் இருக்குமாயின் இவ்விடையூறு பெரிதும் நீங்கும். இதற்குச் செலவு யாதுமில்லை.

மற்றொரு இடையூறு பழைய நூல்களின் படியெடுப்பு முறை. பக்கத்தைப் படம்பிடித்தால் கணிப்பொறிக்கு அது வெறும் நிழல். அதிலுள்ள எழுத்துக்களை அது அறியாது. உருவத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் பின்னர் அதன்மேல் ஓட்டப்படுகின்றது. ஆங்கில அச்சில் இது பெரும்பாலும் சரியாக நடைபெறும். தமிழில் ‘ள’கரத்தை ‘ன’கரமாகவும், துணைக்காலை ‘ர’கரமாகவும் மயங்குதல் உண்டு. தமிழுக்கென யூனிகோட் என்னும் பொதுக் குறியீட்டில் 1991-இலேயே இடம் ஒதுக்கப்பட்டது. எனினும் பல ஆண்டுகள் வெவ்வேறு குறியீடுகள் வழங்கி, 2010-இற்றான் தமிழ்நாட்டு அரசாங்கம் அதை முறையாக ஏற்றது. அதற்கு முந்திய கோப்புகள் சில இன்றும் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன.

இவ்வாறு தேடிக் கண்டவற்றை மாணாக்கர் எங்கே எழுதி வைப்பது என்பதற்கும் ஏற்பாடு உண்டு. கேரளப் பள்ளிகளுக்கென 2009-இல் தொடங்கிய ‘ஸ்கூல்விக்கி’யில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பக்கம் உண்டு. 2010-இல் அது ஸ்டாக்ஹோம் சாலஞ்ச் பரிசைப் பெற்றது. பள்ளியின் வரலாற்றோடு, ‘எனது கிராமம்’ என்னும் பகுதியில் ஊரின் செய்திகளையும், நாட்டார் வழக்குக் களஞ்சியத்தில் உள்ளூர்ச் சொற்களையும் மாணாக்கரே சேர்க்கலாம். எல்லைக் கிராமங்களுக்கு இப்பகுதிகள் மிகவும் பொருத்தமானவை. மரச்சீனி, சக்கை, அயனி போன்ற சொற்கள் சாலையின் இருபுறத்தும் ஒன்றாகவே வழங்குகின்றன. தமிழ் அகராதியில் அவை வட்டார வழக்கு என்றும், மலையாள அகராதியில் இயல்பான சொற்கள் என்றும் குறிக்கப்படும். ஒரு பாட்டி அவற்றை எவ்வாறு உச்சரிக்கின்றாள், எந்த ஊர்வரை அவ்வுச்சரிப்பு வழங்குகின்றது என்பதைப் பதிவு செய்ய, வகுப்பறையில் ஏற்கெனவே உள்ள மடிக்கணிப்பொறியும் ஒரு கைப்பேசியும் போதுமானவை.